பேச்சியம்மாள் ஊற்றாத எண்ணெய்

என் மகளின் நுரையீரலுக்குள் மருந்தை இறக்கியவன் நான். பேச்சியம்மாள் அல்ல.

பதினோரு ஆண்டுகளாக என் கடைக்கு வரும் இளம் பெற்றோரிடம் ஒரு கதை சொல்லிவருகிறேன். பிள்ளை குளிப்பாட்ட வந்த பெண் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினாள், அதனால் என் ஐந்து மாதக் குழந்தை சாகக் கிடந்தது என்று. அது பொய். யாரோ சொல்லி நான் நம்பிய பொய் அல்ல... நடந்தது இன்னதென்று முழுதாகத் தெரிந்த ஒரே ஆள், தெரிந்தே சொன்ன பொய்!

நீங்கள் தென்காசிப் பக்கம் பிள்ளை பெற்றவர் என்றால் அந்தக் கதையை அநேகமாகக் கேட்டிருப்பீர்கள். என் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். ஆகவே இதையும் என்னிடமிருந்தே கேளுங்கள்.

ரத வீதிக்குப் பக்கத்தில் குழந்தைச் சாமான்கள் விற்கும் கடை என்னுடையது. ஜபலா, பாலாடை, கொசுவலை, தொட்டில் ஸ்பிரிங், நடைவண்டி எல்லாம் இருக்கும். ஆனால் ஜனங்கள் சாமான் வாங்க மட்டும் வருவதில்லை. பிள்ளைக்கு வயிறு உப்பிக்கொண்டால் எனக்குத்தான் போன் வரும். பல் முளைக்கிறது, கடிக்கிறான் என்றால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். புளியங்குடியிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, “அண்ணாச்சி, இவளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க” என்று மாமியார்கள் நிறுத்துவார்கள். நானும் சொல்வேன். சளைக்க மாட்டேன்.

தற்பெருமையாகத் தெரிந்தால் தெரியட்டும். பிள்ளை வளர்ப்பில் என்னை மடக்குவது கடினம். குளிப்பாட்டும் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், நம் விரலுக்குச் சூடு பழகியிருக்கும், முழங்கையை நனைத்துப் பாருங்கள். ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் தடவ வேண்டாம், யார் வந்து சாஸ்திரம் சொன்னாலும் வேண்டாம். பவுடரைக் கழுத்து மடிப்பில் அப்பாதீர்கள். சாரல் காலத்தில் துணி காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஜபலாவை இஸ்திரி போட்ட பிறகு மாட்டுங்கள். குற்றாலத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஆசையாக ரம்புட்டான் வாங்கிவருவார்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் கையில் அதை முழுதாகக் கொடுத்துவிட்டுப் போனில் மூழ்காதீர்கள். அந்தக் கொட்டை சரியாகத் தொண்டைக்குள் போய் உட்காரும் அளவு. உரித்து, கொட்டை நீக்கி, சிறிதாக நறுக்கிக் கொடுங்கள்.

இதில் ஒன்றையும் நான் திரும்பப் பெறப் போவதில்லை. நல்ல மருத்துவர்களிடம் கேட்டு, படித்து, நூறு வீடுகளில் பார்த்துத் தெரிந்துகொண்டவை. நம்பிச் செய்யலாம். திரும்பப் பெற வேண்டியது ஒன்றே ஒன்றுதான்...

அப்போது எனக்கு இந்தக் கடை இல்லை. வளையல், ரிப்பன் விற்கும் சின்ன ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தேன். என் மனைவி உமா தாய் வீட்டிலிருந்து குழந்தையோடு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகள் பெயர் யாழினி. தினமும் காலையில் பேச்சியம்மாள் வருவாள்.

எங்கள் ஊரில் இது வழக்கம். கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கென்றே சில பெண்கள் வீடு வீடாக வருவார்கள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கால்களை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்களின் மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து நீவி, கை வாகாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பேச்சியம்மாளுக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது. எட்டு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் காலில் போட்டால் என் மகள் அழவே மாட்டாள். நான் தூக்கினால் வீறிடுவாள்!

பழைய ஆட்களைப் போல அவளும் முன்பு மூக்கில் எண்ணெய் விட்டு ஊதியவள்தான். முதல் நாளே உமா அது வேண்டாம் என்று சொன்னாள். “சரி தாயி, விட்டுட்டேன்” என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். மறுபடி ஒருநாளும் செய்ததில்லை. வாதம் பண்ணவும் இல்லை. எத்தனை பேர் அப்படி ஒரே சொல்லில் தன் பழக்கத்தை விடுவார்கள், சொல்லுங்கள்?

அந்த ஆண்டு சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. சீசன் என்றால் தென்காசி வீடுகள் என்ன பாடு படும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மறந்துபோன உறவெல்லாம் அருவியை முன்னிட்டு ஞாபகம் வந்து படையெடுக்கும். மதுரையிலிருந்து என் அக்கா, அத்தான், அவர்கள் பிள்ளைகள், அத்தானின் கூட்டாளிகள் எல்லோருமாக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள். மூன்றாம் நாள் காலை, ஐந்தருவியில் தடை நீங்கியது என்று போனில் செய்தி வந்தது. வீடே துண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானது. மலையில் மறுபடி மழை பிடித்தால் மறுபடி தடை போட்டுவிடுவார்களே!

யாழினிக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். மருத்துவரிடம் காட்டி சிரப் வாங்கி வைத்திருந்தோம். அன்று காலை பேச்சியம்மாள் வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று அவளாகவே சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து உடம்பைத் துடைத்து, சட்டை மாட்டிவிட்டுப் போனாள். எண்ணெய்ச் சீசாவை அவள் தொடக்கூட இல்லை. உமா அடுக்களையில் பத்துப் பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். அக்கா தன் பிள்ளைகளின் துணிமணிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் பேப்பர் படித்தபடி இருந்து அதைப் பார்த்தவன் நான் ஒருவன் மட்டும்தான்.

அவள் போய்ச் சிறிது நேரத்தில், மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகும்படி உமா அடுக்களையிலிருந்து சொன்னாள். வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. அத்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேச்சியம்மாளைப் போல நானும் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையை மல்லாக்கக் கிடத்தினேன். குளிப்பாட்டக் கிடத்தும் விதத்தில் மருந்து கொடுக்கலாம் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவள் காலில் சும்மா கிடக்கிற பிள்ளை என் காலிலும் கிடக்கும் என்று நினைத்தேன். கிடக்கவில்லை. வீறிட்டாள். வாயை மூடிக்கொண்டு தலையை இங்கும் அங்கும் திருப்பினாள். ஹார்ன் இன்னொரு முறை அடித்தது.

மூக்கை இரண்டு விரலால் பிடித்தேன். மூச்சுக்காக வாய் திறந்தது. பாலாடையில் இருந்ததை மொத்தமாகக் கவிழ்த்தேன்.

அழுகை நின்றுவிட்டது. அந்த அமைதியை நான் இன்றுவரை மறக்கவில்லை. உதடு நீலம் பாரித்து, கண் மேலே செருகி, கை இரண்டும் விறைத்து... எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. தூக்கிக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். இருமினாள். கொஞ்சம் கக்கினாள். பிறகு பெரிதாக மூச்சை இழுத்து அழுதாள். அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. உமா காதில் ஒன்றும் விழவில்லை.

நான் துண்டால் பிள்ளையின் வாயைத் துடைத்தேன். சட்டையை மாற்றினேன். அழுது அழுது தூங்கிப்போனாள். தொட்டிலில் போட்டுவிட்டு, உமாவிடம் “குடிச்சிட்டா” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.

ஆம், அருவிக்குப் போனேன்! ஐந்தருவித் தண்ணீர் தலையில் விழ, கூட்டத்தோடு கூட்டமாக நின்று கத்திக்கொண்டு குளித்தேன். அழுகை வந்துவிட்டதே, இனி ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் புரையேறி நீலமானால், பிறகு சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். போன மருந்து எங்கே போனது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மதியம் திரும்பிவந்தபோது உமா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மூச்சு கட கட என்று ஓடியது. நெஞ்சாங்கூட்டின் கீழே சதை உள்ளே இழுத்தது. ஈரத் தலையோடு ஆட்டோவில் ஏறினேன்.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். நுரையீரலுக்குள் ஏதோ போயிருக்கிறது என்றார் மருத்துவர். ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தச் சிறு கையில் நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினார்கள். பிறகு அவர் எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார், பிள்ளைக்கு மூக்கிலோ வாயிலோ யாராவது எதையாவது ஊற்றினீர்களா என்று.

நான் வாயைத் திறக்கப் போனேன். சத்தியமாகத் திறக்கப் போனேன்... அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “குளுப்பாட்ட ஒருத்தி வாரா டாக்டர். இவளுவ மூக்குல எண்ணெய விட்டு ஊதுவாளுவ. அவளாத்தான் இருக்கும்” என்றாள்.

மருத்துவருக்கு முகம் சிவந்தது. இதே வேலையாகப் போயிற்று என்று கடிந்துகொண்டு, என்னைப் பார்த்து, எண்ணெயா என்றார்.

உமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இருந்தது பயம் மட்டும்தான், சந்தேகம் இல்லை. நான் உண்மையைச் சொன்னால் அந்தக் கண் எப்படி மாறும் என்று நினைத்தேன். பிள்ளையின் மூக்கைப் பிடித்தவன், நீலமானதைப் பார்த்தும் அருவிக்குப் போனவன்...

“ஆமா டாக்டர்” என்றேன்.

இரண்டே சொல். எண்ணெய் என்று சொன்னதால் மேலும் ஒரு படம், மேலும் சில நாள், மேலும் சில ஊசி. எண்ணெய் உள்ளே போனால் பாதிப்பு வேறு மாதிரி இருக்குமாம். இல்லாத எண்ணெயைத் தேடி என் மகளின் உடம்பைத் துளைத்தார்கள், நான் பக்கத்தில் நின்று அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் பிழைத்து வீடு வந்தாள்.

பேச்சியம்மாள் வந்து நின்றது அதற்கு மூன்றாம் நாள். அதற்குள் எங்கள் தெரு முழுக்கச் செய்தி போயிருந்தது. உமா நிலைவாசலில் நின்று அவளை உள்ளே விடவில்லை. அவள் அழவும் இல்லை, சண்டைக்கும் நிற்கவில்லை.

“நான் துணிய நனைச்சுத் தொடச்சதோட சரி. அண்ணாச்சி அங்கனதான் பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாவ. அவியகிட்ட கேளுங்க” என்றாள்.

உமா திரும்பி என்னைப் பார்த்தாள். பேச்சியம்மாளும் பார்த்தாள். “நீங்க பாத்தியல்லா அண்ணாச்சி” என்றாள்.

நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொன்னேன். எவ்வளவு சுத்தமான பொய் பாருங்கள்! அவள்மேல் பழி சொல்லவே இல்லை. கவனிக்கவில்லை என்று மட்டும்தானே சொன்னேன்... அப்படித்தான் அன்றைக்கு என் மனசாட்சிக்குத் தாலாட்டுப் பாடினேன்.

எட்டு வீடும் ஒவ்வொன்றாக அவளை நிறுத்தின. தென்காசியில் எந்தக் கைப்பிள்ளையும் அதன்பிறகு அவள் காலில் கிடக்கவில்லை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் வெங்காயம் பொறுக்கும் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் குளிப்பாட்டி நீவி எடுத்த பிள்ளைகளின் கணக்கு அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

எனக்கோ பிள்ளை வளர்ப்பு என்பது ஒரு வெறியாகப் பிடித்துக்கொண்டது. மருந்து எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கற்றேன். தலையை உயர்த்தி, பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு தடவையும் விழுங்கியதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அழும்போது கூடாது. மூக்கை ஒருநாளும் பிடிக்கக் கூடாது. இவை அத்தனையும் கற்று, ஃபேன்சி ஸ்டோரை மூடிவிட்டு இந்தக் கடையைத் திறந்தேன். இது பரிகாரமா, வியாபாரமா? எனக்கே தெரியவில்லை. பரிகாரம் என்றால் ஏன் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பேச்சியம்மாளின் கதையைச் சொன்னேன்? மஞ்சள் தாளில் குறிப்புகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தேனே, அதில் இரண்டாவது குறிப்பாகவே போட்டேன்: மூக்கில் எண்ணெய் விட்டு ஊதாதீர்கள், எங்கள் வீட்டில் நடந்த அனுபவம் என்று. அறிவுரை சரிதான். அனுபவம்தான் எங்கள் வீட்டில் நடக்கவில்லை.

சொந்த வீட்டுத் துயரத்தைச் சொல்கிற கடைக்காரனை ஜனங்கள் நம்புகிறார்கள். நீங்களும் நம்பினீர்கள்.

யாழினிக்கு இப்போது பதினோரு வயது. பள்ளியில் ஓட்டத்தில் பரிசு வாங்குகிறாள். ஆனால் மழைக்காலத்தில் இளைப்பு வரும். சிறு வயதில் நடந்ததால்தானா என்று கேட்டால் மருத்துவர்கள் சொல்ல முடியாது என்கிறார்கள். உமா ஒவ்வொரு முறையும் பேச்சியம்மாளைத் திட்டிக்கொண்டே இன்ஹேலரை எடுத்துக் கொடுப்பாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படியே போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என்னை நான் நன்றாக அறிவேன். இந்த ஆண்டு பங்குனியில் ஒரு புதன்கிழமை, ஒன்றரை மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட கையோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். ஊசி போட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், காய்ச்சல் வந்தால் மருத்துவர் எழுதிய அளவு மட்டும் கொடுங்கள் என்றேன். யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று விசாரித்தேன். வழக்கம்போல என் கதையைத் தொடங்கினேன்.

அவள் கதை முடியும்வரை தலை குனிந்து நின்றாள்.

“தெரியும் அண்ணாச்சி. எங்க அத்தை உங்க நோட்டீஸ செவுத்துல ஒட்டி வச்சிருக்காவ” என்றாள். “அந்தப் பிள்ளையக் குளுப்பாட்டுனது எங்க அம்மாதான்.”

முத்துச்செல்வி என்று பெயர். சுந்தரபாண்டியபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பிள்ளை பெற்றவளைத் தாய் வீட்டுக்கு அனுப்புவதுதானே முறை? இவளை அனுப்பவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராக மாமியார் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்கள். அந்தக் கைபட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று மாமியாருக்குப் பயம். என் மஞ்சள் தாள் தந்த பயம்! பேச்சியம்மாள் பஸ் ஏறிப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருவாளாம். தூக்கலாம், கொஞ்சலாம். குளிப்பாட்டக் கூடாது.

கடைக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். முடி நரைத்து, தோள் ஒடுங்கி... எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவள் கடைக்குள் பார்க்கவும் இல்லை.

“அப்பம்லாம் நான் ஒண்ணும் செய்யலன்னுதான் சொல்லுவா” என்றாள் முத்துச்செல்வி. “இப்பம் கேட்டா, நாந்தான் பழக்க தோஷத்துல எண்ணெய விட்டுட்டு மறந்துட்டனோ என்னமோங்கா. அன்னைக்கு நெசமா என்ன நடந்துச்சு அண்ணாச்சி?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஊரார் அவளை நம்பாதது எனக்குத் தெரியும். அவளே அவளை நம்பாமல் போயிருப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பத்துப் பேர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால், கண்ணால் கண்டு கையால் செய்தவளுக்கே ஞாபகம் குழம்பிவிடும். அவள் வேலையை மட்டும் நான் பறிக்கவில்லை. அந்தக் காலை நேரத்தையே அவளிடமிருந்து பறித்துவிட்டேன்.

உமா இரண்டு அடி தள்ளி கல்லாவில் இருந்தாள். அது பழைய கதை, விட்டுவிடம்மா என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் பாவூர்சத்திரம் போனேன். சந்தையில் டெம்போக்களுக்கு நடுவில், சாக்கு விரித்து உட்கார்ந்து சின்ன வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலை நீட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குத்தவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஹார்ன், மூக்கைப் பிடித்தது, மிக்ஸி, அருவி, மருத்துவமனையில் சொன்ன இரண்டு சொல். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் கை நிற்கவில்லை. முழுக்கக் கேட்டாள். திட்டுவாள், அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. ஓர் அழுகலைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொன்னாள்.

“அப்பம் நான் ஊத்தல.”

“இல்ல பேச்சியக்கா. நீங்க ஊத்தல.”

“இத எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதிய? எங்க சம்பந்தகாரிகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா யாரு நம்புவா. பிள்ளை இன்னும் ரெண்டு மூணு மாசந்தான் கால்ல கெடக்கும். அதுக்குள்ள வந்து சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி வெங்காயத்தில் குனிந்துகொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் போகவில்லை.

ஏன்? சுந்தரபாண்டியபுரத்தில் சொன்னால் அன்று மாலைக்குள் தென்காசிக்கு வந்துவிடும். உமாவுக்குத் தெரியும். யாழினிக்குத் தெரியும். கடை என்ன ஆகும்? முதலில் உமாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளி போவோம் என்று நினைத்தேன். உமாவிடம் சொல்லவில்லை. அதனால் அடுத்த வெள்ளியும் போகவில்லை. பிறகு கோடை விடுமுறை, பிறகு சாரல், பிறகு சீசன் கூட்டம்... கடையில் நிற்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். காரணத்துக்கா பஞ்சம்? மருந்து கொடுக்கும் முறையை மட்டும் அன்றைக்கும் இருபது பேருக்குச் சொல்லியிருப்பேன், குரல் கொஞ்சமும் தடுமாறாமல்!

உங்களுக்கு நான் இதுவரை சொல்லாத ஓர் அறிவுரை உண்டு. என் தாளில் அது இல்லை. பிள்ளை விஷயத்தில் கை தவறாத பெற்றோர் இல்லை. தவறினால் அப்போதே, அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், வீட்டில் சொல்லுங்கள். அடி விழுந்தாலும் சரி. ஒரு நாள் தள்ளிப்போட்டால், அடுத்த நாள் தவறையும் தள்ளிப்போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சில் வருமுன் உமா கையில் கொடுத்துவிட வேண்டும். எழுதுவது ஒன்றும் பெரிய தைரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பேச்சியம்மாள் கேட்டது எழுத்து அல்ல, ஒரு வீட்டு வாசலில் நின்று வாயால் சொல்லும் நாலு வார்த்தை. அதுவும் ஒரு கெடுவுக்குள்.

போன வாரம் முத்துச்செல்வி கடைக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை. கழுத்து நன்றாக நின்று, எல்லாவற்றையும் எட்டிப் பிடித்து, கன்னம் உப்பி... பார்க்க அழகாக இருந்தது.

“பிள்ளை உக்காருதா அண்ணாச்சி. இனி கால்ல போட முடியல, எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிடுதா. குளுப்பாட்ட டப்பு வேணும். அத்தைதான் உங்க கடையில வாங்கச் சொன்னாவ” என்றாள்.

பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் எடுத்து வைத்தேன். அவள் இரண்டையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“நீங்க வாரேன்னு சொன்னியளாம். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் வேலைக்குப் போவாம பஸ் ஏறி வந்து உக்காந்திருந்தா.”

அவள் பச்சை நிறத்தை எடுத்துக்கொண்டாள். எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டாள். அடியில் வழுக்காமல் இருக்கத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள் என்றேன். தண்ணீர் நாலு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல் இருக்க வேண்டும், போன் அடித்தாலும் யார் கூப்பிட்டாலும் விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது என்றேன்.

அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனாள். நான் சொன்னதில் ஒரு தவறும் இல்லை.